புல்லுக்கு பிரெஞ்சிலும் புல்தான்

லூர்துநாதனுக்கு பிரெஞ்சு தெரியும் என்று புதுச்சேரியில் பல பேர் நம்பினார்கள். அந்தப் பல பேரில் லூர்துநாதனும் ஒருவர் என்பதுதான் இதில் விசேஷம். வேண்டுமென்றே புளுகுகிறவனுக்கு எந்நேரமும் உள்ளுக்குள் ஓர் உதறல் இருக்கும். அவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. கொஞ்சம் தெரியும், மிச்சம் தெரியாது, அந்த மிச்சம் எவ்வளவு என்பது சுத்தமாகத் தெரியாது. ஆகவே நிம்மதியாக இருந்தார்.

நகராட்சியில் அவர் தோட்டக்காரர். கடற்கரைச் சாலைக்குப் பின்னால், பழைய பிரெஞ்சு வீடுகள் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கிற பகுதியில், இரண்டு வீதிகள் சேரும் இடத்தில் முக்கோணமாக ஒரு புல்தரை அவர் பொறுப்பில் இருந்தது. பேப்பரில் அதற்கு நீளமாக ஏதோ பெயர். வாயில் அது முக்கோணம்தான். ஒரு பாதாம் மரம், இரண்டு சிமெண்ட் பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய், மற்ற இடமெல்லாம் அருகம்புல். மத்தியானம் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தால் கடல்காற்று வந்து கால் பிடித்துவிடும். வீடு குருசுக்குப்பத்தில். நடந்தே வரலாம், நடந்தே போகலாம். சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்குப் போனால் மனைவி ஸ்டெல்லாமேரி வைத்த மீன்குழம்பு ஆறுவதற்குள் இலை போட்டுவிடலாம். தோட்டப் பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு கண் இருந்தது.

அது லூர்துநாதனுக்குக் கிடைத்த கதையே தனி. ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், அப்போதிருந்த அதிகாரி அங்கே நின்று வேலையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் கையில் வரைபடத்தோடு வந்து அவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அதிகாரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எருக் கூடை இறக்க வந்திருந்த லூர்துநாதன் கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "வுய் மதாம், து த்ருவா!" என்று கிழக்கே கையை நீட்டினார். ஆமாம் அம்மா, நேராகப் போங்கள் என்று அர்த்தம். அந்த அம்மாள் 'மெர்சி' சொல்லிவிட்டு நேராகப் போனார். அந்தப் பக்கத்தில் எந்த வீதியில் கிழக்கே நேராகப் போனாலும் கடல்தான். அவர் கேட்டது கடலையோ தபால் ஆபீஸையோ, யார் கண்டது? கடலைப் பார்த்ததும் மற்றது மறந்துபோயிருக்கும். அதிகாரி மட்டும் மறக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் நடமாடுகிற இடத்தில் நாலு வார்த்தை பேச ஆள் வேண்டும் என்று சொல்லி, முக்கோணத்தை லூர்துநாதன் கையில் கொடுத்துவிட்டார்.

இந்த பிரெஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், குசினியிலிருந்து வந்தது. லூர்துநாதனின் அப்பா சின்னப்பன் ஒரு மதாம் வீட்டில் சமையல்காரர். பள்ளிக்கூடம் விட்டதும் லூர்துநாதன் நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். மதாம் வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்னப் புல்தரை. அதன் மேல் மதாமுக்கு உயிர். திடீர் திடீரென்று வராந்தாவில் வந்து நின்று புல்தரைப் பக்கம் கையை நீட்டிக் கத்துவார்: "லூர்த்! லே புல்! லே புல்!"

லூர்துநாதன் யோசித்தார். கை காட்டுவது புல்லை. வாய் சொல்வதும் புல் என்று. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? அரிவாளை எடுத்துக்கொண்டு பாய்ந்து போய்ப் புல் அறுக்க ஆரம்பித்தார். அவர் பாய்ந்த வேகத்தில், பக்கத்து வீட்டிலிருந்து சுவர் ஏறி வந்து மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் அலறியடித்துப் பறந்தன. அவற்றை லூர்துநாதன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மதாம் முகம் மலர்ந்து, "பியேன்! பியேன்!" என்றார். நல்லது, நல்லது என்று அர்த்தம். கையில் ஒரு பிஸ்கோத்தும் கொடுத்தார். மறுநாளும் மதாம் கத்தினார், மறுநாளும் லூர்துநாதன் அறுத்தார், மறுநாளும் பிஸ்கோத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனுஷி அவர் வேலையைப் பார்த்து நல்லது என்று சொன்னார். தனக்குப் புல் கைவந்த வேலை என்று அன்றைக்கு முடிவு செய்தவர்தான். வளர்ந்தபின் வலை இழுக்கப் போகாமல், கொத்தனாருக்குச் சிற்றாளாகப் போகாமல், தோட்ட வேலைக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து நகராட்சிக்கு வந்து சேர்ந்தார்.

கூடவே அந்தச் சொல்லும் வந்தது. "புல்லுக்கு பிரெஞ்சுலயும் புல்லுதான்" என்று கூட வேலை செய்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பார். "நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கினு போயிருக்காங்க. மத்ததெல்லாம் அவங்களே செஞ்சிக்கினாங்க. புல்லு மட்டும் நம்மது." கேட்டவர்களுக்குப் பெருமையாக இருந்தது. தமிழின் பெருமையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அவருடைய பிரெஞ்சை உள்ளும் புறமும் அறிந்த ஒரே ஆள் அந்துவான் முசே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள்; மரியாதைக்கு முசே, அதாவது ஐயா. சாயங்காலமானால் தொப்பியோடு வந்து முக்கோணத்து பெஞ்சில் உட்காருவார். வந்த புதிதில் லூர்துநாதனிடம் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். லூர்துநாதன் எல்லாவற்றுக்கும் "வுய், வுய், முசே" என்று சொல்லிவிட்டு, குழாயை மூட மறந்தவர் மாதிரி அந்தப் பக்கம் ஓடினார். அந்துவான் முசே புரிந்துகொண்டார். ஆனால் நல்ல மனுஷர். அதற்குப் பிறகு அவர் தமிழில்தான் பேசினார். 

முக்கோணத்துக்கு ஒரு சத்துரு இருந்தார். பெயர் சக்கரபாணி. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பனியில் வெறுங்காலோடு புல்லில் நடந்தால் கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். முண்டா பனியனும் அரை டிராயருமாக வந்து, ஒரு மூலையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நேர்கோட்டில் நடப்பார். இடம் மாற்றி நடக்கமாட்டார். அவர் நடந்த இடத்தில் புல் செத்து, முக்கோணத்தின் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள். லூர்துநாதன் மண் போட்டு, புல் பதித்து, தண்ணீர் விட்டு, கெஞ்சி, முறைத்து, எல்லாம் செய்து பார்த்தார்.

"சார், புல்லு பாவம் சார்."

"புல்லு மொளச்சிக்கும்பா. எனக்குக் கண்ணு போனா மொளைக்குமா?"

அந்தப் பாதையைப் பார்க்கும்போதெல்லாம் லூர்துநாதனுக்கு யாரோ தன் முதுகில் நடப்பதுபோல இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் புதிதாக ஜானகிராமன் என்ற இளநிலைப் பொறியாளர் வந்து சேர்ந்தார். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ஜே.இ. சின்ன வயசு, சுறுசுறுப்பு, எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்கிற அரிப்பு. வந்த வாரமே தோட்டக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்து, ஒரே இடத்தில் வேர்விட்டவர்களைப் பிடுங்கி நடப்போவதாகச் சொன்னார். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டு நடுவே சுவர் கட்டி மண் நிரப்பி அரளி வைத்திருந்தார்கள். அங்கே ஆள் போதவில்லை. இரண்டு பக்கமும் பஸ், மேலே வெயில், தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் அரளிக்கும் இல்லை ஆளுக்கும் இல்லை.

"லூர்து, நீ ஏன்யா இத்தன வருஷமா அங்கியே இருக்கே?"

"சார், நான் பிரெஞ்சு தெரிஞ்ச ஆளுங்க சார். வெள்ளக்காரங்க வந்தா பேசணும்ல?"

ஜே.இ. அவரை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமாவே தெரியுமா?"

"வுய் முசே" என்றார் லூர்துநாதன்.

ஜே.இ.க்கு உடனே ஒரு யோசனை வந்தது. சீக்கிரமே பிரான்சிலிருந்து ஒரு குழு பழைய வீடுகளைப் பார்க்க வரப்போகிறது. வழியில் இருக்கிற புல்தரைகளில் பலகை வைக்கவேண்டும். மேலே தமிழ், கீழே பிரெஞ்சு. முதல் பலகை முக்கோணத்துக்கு. "புல்லில் நடக்காதீர்கள் என்று தமிழில் இருக்கும். அதையே பிரெஞ்சில் சொல்லிவிடு, பெயிண்டர் எழுதிவிடுவார்" என்றார். தப்பாகிவிட்டால் ரெட்டியார்பாளையம் என்பதையும் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்.

லூர்துநாதனுக்குப் பயமே இல்லை. இந்த ஒரு வாக்கியம் அவருக்கென்றே செய்தது. 'தெஃபான்ஸ் த' என்றால் 'கூடாது'. பழைய சுவர்களில் நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று எழுதியிருந்ததை நூறு தடவை பார்த்திருக்கிறார். 'மார்ஷே' என்றால் நடப்பது; மதாம் தன் நாயை இழுத்துக்கொண்டு போகும்போது சொல்வது. 'சுர்' என்றால் மேலே. சூப் கிண்ணத்தை 'சுர் லா தாப்ள்' வைக்கச் சொல்வார். மிச்சம் இருப்பது புல். அது நம்முடையது.

"தெஃபான்ஸ் த மார்ஷே சுர் லே புல்" என்று ராகம் போட்டுச் சொன்னார்.

பெயிண்டர் கமலக்கண்ணன் பிரஷைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "லே புல்லுன்னா எழுத்து எனக்குத் தெரியும்ணே. ரெஸ்டாரண்டு போர்டுல எத்தினி வாட்டி எழுதிருக்கேன். சாப்பாட்டு அயிட்டத்துல வரும்."

"சாப்பாட்டுலயா?"

"ஆமாண்ணே. வெள்ளக்காரங்க பச்சையா தழ திம்பாங்களே, சாலட்டு. அதுவா இருக்கும்."

இருவருக்கும் அது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி சொல்லி, பலகை எழுதி முடிந்தது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. கமலக்கண்ணன் தன் சந்தோஷத்துக்கு ஓரத்தில் நாலு புல்லும் வரைந்தார்.

பலகை நட்ட மறுநாளே ஆச்சரியங்கள் ஆரம்பித்தன. அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்கார ஜோடி நின்றது, படித்தது, ஒருவரையொருவர் பார்த்தது, பிறகு பலகைக்குப் பக்கத்தில் நின்று மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் ஆறேழு பேர். வாரக் கடைசியில் விடுதிகளில் தங்கியிருந்தவர்களெல்லாம் வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிலர் லூர்துநாதனைக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் தலையை லேசாகச் சாய்த்து "மெர்சி, மெர்சி" என்றார். நம்முடைய தோட்டக்காரர் ஒருவர் அவர்கள் மொழியில் எழுதிவிட்டால் அவர்களுக்குச் சந்தோஷம் பொங்கத்தானே செய்யும்? அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு நன்மையும் விளைந்தது. எந்நேரமும் கேமராவோடு ஆட்கள் நின்றதால் சக்கரபாணி தவித்துப்போனார். முண்டா பனியனும் அரை டிராயருமாகத் தன் படம் பிரான்ஸ் வரை போய்ச் சேரும் என்று யாரோ சொல்ல, செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். லூர்துநாதன் ஒற்றையடிப் பாதையைக் கொத்திவிட்டு, புதிதாகப் புல் பதித்தார். இந்தத் தடவை வேர் பிடித்தது. இளம்பச்சையாகத் தளிர் விட்டது. எத்தனையோ வருடம் தோற்ற சண்டையில் ஒரு பலகை ஜெயித்துக் கொடுத்துவிட்டது.

ஜே.இ. ஜானகிராமனும் கூட்டத்தைப் பார்த்தார். பெரிய அதிகாரி விஜயராகவன் அவரைக் கூப்பிட்டு, "அந்தப் பலகை ரொம்பப் பேசப்படுகிறதாமே, பிரெஞ்சு வாசகம் யார் எழுதியது?" என்று விசாரித்தார். ஜே.இ. ஒரு கணம் யோசித்துவிட்டு, "நான்தான் சார், சாயங்கால வகுப்புக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வகுப்பில் சேர்ந்து எழுத்து மட்டும்தான் படித்திருந்தார். 

இந்தச் சேதி லூர்துநாதனுக்குச் சுற்றிவளைத்து வந்து சேர்ந்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆபீஸுக்கு பிரெஞ்சு தெரிந்த ஜே.இ. கிடைத்துவிட்டால், பிரெஞ்சு தெரிந்த தோட்டக்காரர் எதற்கு? பிரெஞ்சுக் குழு வந்து போனதும் ஆட்களை மாற்றுவதாகப் பேச்சு இருந்தது. கண்ணை மூடினால் அரளி தெரிந்தது.

இந்த நேரம் பார்த்து அந்துவான் முசே திரும்பி வந்தார். பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், வந்த அன்று சாயங்காலமே தொப்பியோடு முக்கோணத்துக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தொப்பி கீழே விழுந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"மோன் தியே! லூர்து, இது யாரு எழுதுனது?"

"நாந்தான் முசே" என்று லூர்துநாதன் தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தார்.

"கோழி மேல நடக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கியே, எந்தக் கோழி மேல?"

"கோழியா? புல்லு முசே. லே புல்."

"புல்லுன்னா தமிழ்ல புல்லு. பிரெஞ்சுல கோழி. அதுவும் பொட்டக் கோழி."

"அப்ப புல்லுக்கு?"

"பெலூஸ்."

லூர்துநாதன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மதாம் வீட்டு வராந்தா கண்முன் வந்தது. நீட்டிய கை. சுவர் ஏறிப் பறந்த கோழிகள். ஆக, மதாம் விரட்டச் சொன்னது கோழியை. பியேன் என்றது கோழி ஓடியதற்கு. பிஸ்கோத்து கோழி விரட்டியதற்குக் கிடைத்த கூலி.

"அப்ப நான் அறுத்த புல்லு?" என்றார். "அந்தம்மா அதப் பாக்கவே இல்லியா முசே? அத நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

அந்துவான் முசே சிரிப்பை நிறுத்திவிட்டார். தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் இத்தனை நாள் எதற்குச் சிரித்தார்கள் என்பதும் லூர்துநாதனுக்கு அப்போது விளங்கியது. அவமானத்தில் காது மடல் சூடேறியது.

ஆனால் வருத்தப்பட நேரம் இல்லை. நாளை மறுநாள் குழு வருகிறது. பலகையைப் பிடுங்கினால் ஏன் பிடுங்கினாய் என்று கேள்வி வரும். மாற்றி எழுதலாம் என்றால் கமலக்கண்ணன், மகளின் பிரசவத்துக்காகக் காரைக்கால் போய்விட்டார். ஜே.இ.யிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ் ரெட்டியார்பாளையத்துக்கு. வருகிறவர்கள் பெரிய அதிகாரியின் எதிரில் அந்தப் பலகையைப் படித்துச் சிரிக்கப் போகிறார்கள்; அவர் காரணம் கேட்கப் போகிறார்; அத்தோடு கதை கந்தல். லூர்துநாதன் புல்லைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி புல்லைப் பார்த்தார். மெல்ல அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு ஏறியது.

"முசே, பலகைய மாத்த முடியாது. ஆனா இந்தப் பலகை பொய் சொல்லாம பாத்துக்கலாம் இல்ல?"

அந்துவான் முசேவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தொப்பி மறுபடி கீழே விழுந்தது. "சேவல் மட்டும் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் விரலை ஆட்டி. "லே புல்லுன்னா பொட்டக் கோழிதான். சேவல் வந்துச்சுன்னா எலக்கணத் தப்பு."

குருசுக்குப்பத்தில் ஸ்டெல்லாமேரியிடம் ஒரு கூடை நிறையக் கோழிகள் இருந்தன. அவற்றை அவள் பெற்ற பிள்ளைகளைவிடச் செல்லமாக வளர்த்தாள். பிள்ளைகள் இதைப் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார்கள்.

"கோழிய எதுக்கு முனிசிபாலிட்டிக்குக் கூட்டிக்கினு போறே?" என்றாள்.

"வெள்ளக்காரங்க பாக்கணுமாம்."

"அவங்க ஊர்ல கோழி இல்லியா?"

"இருக்கு. அதுக்குப் பேரு புல்லு."

ஸ்டெல்லாமேரி புருஷனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கடைசியில் தானும் கூட வருவேன், ஒரு இறகு குறைந்தாலும் நடப்பதே வேறு என்ற கண்டிஷனோடு கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

குழு வந்த காலையில் முக்கோணத்தில் கோழிகள் ராஜ்ஜியம் செய்துகொண்டிருந்தன. கறுப்பு, செம்பட்டை, புள்ளி என்று ஆளுக்கொரு பக்கம். பாதாம் மரத்துக்குப் பின்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டெல்லாமேரி. பெஞ்சில் அந்துவான் முசே, படம் பார்க்க முதல் வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி. வேனிலிருந்து விருந்தாளிகள் இறங்கினார்கள். முன்னால் பெரிய அதிகாரி விஜயராகவன், பின்னால் டை கட்டிக்கொண்டு ஜே.இ.

கோழிகளைப் பார்த்ததும் ஜே.இ.யின் முகம் வெளிறியது. "யோவ், என்னய்யா இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"நீங்க எழுதுனதுதான் சார்" என்றார் லூர்துநாதன்.

அதற்குள் விருந்தாளிகளில் தலைவியாக வந்த வெள்ளைமுடி அம்மாள் பலகையைப் படித்துவிட்டார். கோழிகளைப் பார்த்தார். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி கூவினார். பிறகு விஜயராகவன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், உலகத்தில் எத்தனையோ ஊர் பார்த்திருக்கிறேன், கோழியை மிதிக்காதீர்கள் என்று நகராட்சியே பலகை வைத்துக் காப்பாற்றுகிற ஊரை இங்கேதான் பார்க்கிறேன், எவ்வளவு இளகிய மனசு உங்களுக்கு என்றார்.

விஜயராகவன் சிரித்த முகம் மாறாமல் ஜே.இ.யைத் தனியே இழுத்தார். "பலகை கோழிக்கா வச்சது?"

ஜே.இ.க்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வாசகம் தன்னுடையது என்று சொல்லியாகிவிட்டது. "ஆமாம் சார்" என்றார். "கோழிக்குத்தான்."

"மேலே தமிழில் புல் என்று இருக்கிறதே?"

ஜே.இ. பலகையை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கண் லூர்துநாதனைத் தேடியது. கெஞ்சுகிற கண். லூர்துநாதன் அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நம்ம ஆளுங்க புல்ல மிதிப்பாங்க. வெள்ளக்காரங்க கோழிய மிதிப்பாங்க. படம் எடுத்துக்கினே பின்னால பின்னால போவாங்க பாருங்க, காலுக்குக் கீழ என்னா இருக்குன்னு தெரியாது. அதான் ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதணும்னு ஜே.இ. சார் சொன்னாரு."

சொல்லி வாய் மூடவில்லை. படம் எடுத்துக்கொண்டே பின்னால் வந்த விருந்தாளி ஒருவர் செம்பட்டைக் கோழியின் மேல் காலை வைக்கப் போக, அது கத்திய கத்தில் அவர் துள்ளிக் குதித்தார். மரத்துக்குப் பின்னால் இருந்து ஸ்டெல்லாமேரி "ஏசுவே!" என்றாள். விஜயராகவன் ஜே.இ.யின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அந்த வெள்ளைமுடி அம்மாள் லூர்துநாதனிடம் வந்து பிரெஞ்சில் என்னவோ கேட்டார். நீளமான கேள்வி. அதில் ஒரு சொல் தெரிந்தது: பெலூஸ். புல்தரையைக் காட்டினார், தன் காலைக் காட்டினார், நடக்கலாமா என்று தலையைச் சாய்த்தார். பெஞ்சைப் பார்த்தார் லூர்துநாதன். அந்துவான் முசே பலகையைக் கண்ணால் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பலகையின் சட்டப்படி கோழி மேல்தான் நடக்கக் கூடாது. புல்லுக்குத் தடை கிடையாது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிரெஞ்சுக் கேள்வி அவருக்கு முழுசாகப் புரிந்திருக்கிறது, அதற்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

"வுய், மதாம்" என்றார்.

மொத்தக் குழுவும் புல்லில் இறங்கியது. கோழிகளை மட்டும் பயபக்தியோடு சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கூர்க் குதிகால் செருப்புகள் இளம்பச்சைத் தளிரில் ஒவ்வொன்றாக இறங்குவதை லூர்துநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். தாங்கமுடியாமல் போனபோது கிழக்கே கையை நீட்டி, "து த்ருவா, மதாம்! து த்ருவா!" என்றார். அவர்களும் நேராகக் கடலுக்குப் போனார்கள்.

போகும்போது விஜயராகவன் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். விருந்தாளிகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கோழிகள் தினமும் இங்கே இருக்கவேண்டும். "கோழி யாருடையது?" லூர்துநாதனுடையது. "அப்படியானால் இவரை இங்கிருந்து மாற்றாதீர்கள்." ஜே.இ. தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் லூர்துநாதனிடம் ரெட்டியார்பாளையம் என்ற பெயரையே எடுத்ததில்லை. எதிரில் பார்த்தால் அவரே முதலில் வணக்கம் சொன்னார். பிரெஞ்சு தெரிந்தவர் என்று இத்தனை வருடம் காப்பாற்றிய இடம், கடைசியில் கோழி வைத்திருப்பவர் என்று நிலைத்தது. சக்கரபாணியும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கோழி எச்சத்தில் வெறுங்காலை வைத்தால் கண்ணுக்கு என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் கோழி கோழிதானே. பாதையை மூடி வளர்ந்த புதுப் புல் அவற்றுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மற்ற இடமெல்லாம் கிடக்க, சரியாக அந்த இடத்தில் போய் நின்று இரண்டு காலாலும் வாரி இறைக்கும். ஒரு சாயங்காலம் லூர்துநாதன் மரத்தடியில் துண்டை உதறி விரிக்கப் போனவர், அதைப் பார்த்தார். புள்ளிக் கோழி வேரோடு கிளறிக்கொண்டிருந்தது.

துண்டைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தார். வாயில் தன்னால் வந்தது. "லே புல்! லே புல்!"

கோழிகள் அலறியடித்துப் பறந்தன. அவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். அதே சொல், அதே கத்தல், மதாம் நின்ற இடத்தில் இப்போது அவர். பிறகு மெதுவாகக் குந்தி, பிடுங்கிக் கிடந்த புல்லை எடுத்து, மண்ணை விலக்கி ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டு, உள்ளங்கையால் அழுத்திவிட்டார்.

"பியேன், லூர்து. பியேன்" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

லூர்துநாதன் நிமிர்ந்தார். இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று கேட்டார். "எதுக்குச் சொல்றீங்க முசே?"

அந்துவான் முசே தொப்பியைச் சரிசெய்துகொண்டு பச்சையைப் பார்த்தார், பறந்த கோழிகளையும் பார்த்தார்.

"புல்லுக்குத்தான்" என்றார்.

எந்தப் புல் என்று லூர்துநாதன் கேட்கவில்லை.